அக்காவின் போன் பேச்சு

அவளுடைய வேலை ஒட்டுக்கேட்பது. அரசாங்கம் அதற்கு நீளமாக, கௌரவமாக ஒரு பெயர் வைத்திருந்தது. மூன்றாம் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்தவர் பேசுவதைத் தட்டச்சு செய்யவேண்டும். பெரும்பாலும் பல்வலி, மருமகன் புராணம் என்று கொட்டாவி வரவழைக்கிற சமாசாரம்தான்.

அந்த வாரம் பஸ் தொழிலாளர் சங்கத் தலைவரின் எண் அவளிடம் வந்தது. வேலைநிறுத்தத் திட்டம் ஏதாவது சிக்குமா என்று மேலதிகாரி தவியாய்த் தவித்தார். செவ்வாய்க்கிழமை காலை தலைவரை ஒரு பெண் கூப்பிட்டாள். குரலைக் கேட்டதும் இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொந்த அக்கா!

அக்கா நர்ஸ். நாற்பத்திரண்டு வயது. கல்யாணப் பேச்சை எடுத்தாலே எரிந்துவிழுகிறவள், போனில் குழைந்துகொண்டிருந்தாள். இப்போதைக்கு யாரிடமும் மூச்சுவிடவேண்டாம் என்று வேறு கேட்டுக்கொண்டாள்.

தங்கைக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு முகம் சுட்டது. இத்தனை வருஷமாக எத்தனை பேர் வீட்டுக்குள் செருப்புக்காலோடு நடந்திருக்கிறோம் என்று அன்றுதான் உறைத்தது. கோப்பைப் புரட்டினாள். ஒட்டுக்கேட்க அனுமதிக்கும் உத்தரவில், சட்டப்படி நீதிபதியின் கையெழுத்து இருக்கவேண்டிய இடம் காலி. கேட்டால், அதெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றார் மேலதிகாரி.

மாலையில் அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"எவ்வளவு கேட்ட?" என்றாள் அக்கா.

"எல்லாம்."

அக்கா எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.

அக்கா சொல்லி விஷயத்தைத் தெரிந்துகொண்ட தலைவர் வழக்குப் போட்டார். அந்தரங்கம் அரசியல் சாசனம் தந்த உரிமை என்று அவருடைய வக்கீல் வாதாட, அப்படி யாரும் கேட்கவே இல்லை என்று அரசாங்கம் ஒரேயடியாகச் சாதித்தது. தங்கை தானாகவே சாட்சிக் கூண்டில் ஏறினாள். கேட்டது தான்தான் என்றாள். கையெழுத்தில்லாத தாளைப் பற்றியும் சொன்னாள். என்ன பேசினார்கள் என்று அரசு வக்கீல் மடக்கினார்.

"அத சொல்ல மாட்டேங்க. அது அவங்க ரெண்டு பேரோட பேச்சு."

நீதிபதி தலையாட்டிவிட்டு, பதில் சொல்லத் தேவையில்லை என்றார். தீர்ப்பில் உத்தரவு செல்லாது என்றானது. பதிவுகளை அழிக்கச் சொன்னார்கள். அவள் வேலையும் போனது. மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்றில் தட்டச்சு செய்யச் சேர்ந்தாள்.

ஒரு மாதம் கழித்து அக்கா நேரில் வந்தாள். தனக்குக் கல்யாணம் என்றாள். மாப்பிள்ளை யார், எப்படிப் பழக்கம் என்று ஒன்றுமே தெரியாதவள் மாதிரி தங்கை விசாரிக்க, அக்கா முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.