மெச்சாவுக்கு வைத்த பாதி

விடியும் நேரத்தில் பட்டிக்குள் கரடி புகுந்தது. காவல் நாய்கள் கரோவும் பெட்டை மெச்சாவும் சேர்ந்து அதைக் காட்டுக்குள் துரத்தின. கரோ தானாகத் திரும்பி வந்தது. மெச்சாவைத் தேடிப்போய்த்தான் தூக்கிவர வேண்டியிருந்தது. விலா கிழிந்து கிடந்தாலும் உயிர் இருந்தது.

ரொதோப்பி மலையின் மேல்வரிசைப் புல்வெளியில் வெலிகாவும் அவள் தம்பி ஸ்தொய்கோவும் மட்டும்தான் ஆடு வைத்திருந்தார்கள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஸ்தொய்கோ மெச்சாவை ஜீப்பின் பின்சீட்டில் கிடத்திக்கொண்டு டவுனுக்கு, மாட்டு டாக்டரிடம் ஓட்டினான். கரோ பாலம்வரை வண்டியின் பின்னாலேயே ஓடி, அங்கே நின்றுவிட்டது.

பாதி வழியிலேயே மெச்சா செத்துப்போனது. வீட்டைச் சுற்றிலும் பாறை என்பதால் கீழே ஆற்றங்கரையில் புதைத்துவிட்டு, கழுத்திலிருந்த முள்பட்டையை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தான். அவன் கதவைத் திறந்ததும் கரோ உள்ளே ஏறிச் சீட்டை முகர்ந்தது. இறங்கி வண்டியைச் சுற்றி வந்தது. மறுபடியும் ஏறிப் பார்த்தது.

அன்று முதல் அது வண்டிப் பாதையிலேயே படுத்துக் கிடந்தது. களியும் மோரும் ஊற்றி வைத்தால் பாதியைத் தின்னும். மீதியை விட்டு விலகி நின்று, பக்கத்தில் யாரோ குனிந்து சாப்பிடுவதைப் போலப் பார்த்துக்கொண்டிருக்கும். பட்டி வாசலில் நுழையும்போதும் ஒதுங்கி வழிவிட்டுவிட்டுத்தான் உள்ளே போகும். முன்பெல்லாம் மெச்சாதான் முதலில் நுழையும். வாரங்கள் போகப்போக விட்டுவைக்கிற பங்கு பெரிதானது. கரோவின் இடுப்பெலும்பு ரோமத்தையும் மீறித் தெரிந்தது.

ஒருநாள் பால் வாளியோடு வாசலைக் கடக்கும்போது தானும் ஒதுங்கி நிற்பதை வெலிகா உணர்ந்தாள். தம்பியிடம் சொல்லவில்லை.

"துணைக்கு ஒண்ண விட்டா சரியாயிடும்க்கா" என்றான் ஸ்தொய்கோ. அடுத்த மலைச்சரிவில் ஆடு மேய்க்கும் சாப்ரியான் தன் பெட்டை நாய் ஒன்றைக் கொண்டுவந்து விட்டான். நல்ல துறுதுறுப்பான நாய். வந்ததும் தண்ணீர் குடித்தது, ஆடுகளை முகர்ந்தது. பிறகு மெச்சா வழக்கமாகப் படுக்கும் மூலைக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை, மண்தான். நாய்க்குப் பிடரி மயிர் சிலிர்த்தது. வயிறு தரையில் தேய அப்படியே பின்னுக்கு நகர்ந்து வண்டிக்கடியில் புகுந்துகொண்டது. கூப்பிட்டும் வரவில்லை.

"இடி இடிச்சாக்கூட அசையாத கழுதை இது" என்றான் சாப்ரியான், அதை இழுத்துக்கொண்டே. "வீட்டுல என்னத்தய்யா வச்சிருக்கீங்க?"

"உன் மூஞ்சியப் பாத்துப் பயந்திருக்கும், போ" என்றாள் வெலிகா. சாப்ரியான் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அவன் போனபின் தம்பியிடம் கேட்டாள்: "மெச்சாவ எங்க புதைச்ச?"

"எதுக்கு இப்ப?"

"வண்டியில போனவ வண்டியிலதான் வருவான்னு கரோ உக்காந்திருக்கான். அவ செத்தது நமக்குத் தெரியும். அவனுக்கு யாரு சொன்னா?"

"நாய்கிட்ட எப்படிக்கா சொல்றது?"

"சொல்ல முடியாது. காட்டணும்."

ஸ்தொய்கோ வெகுநேரம் கையிலிருந்த வைக்கோலை முறுக்கிக்கொண்டிருந்தான். "பாலம் தாண்டி மூணாவது பாப்லார் மரம். கல்லு அடுக்கியிருக்கேன்" என்றான்.

கரோ ஜீப்பில் ஏற மறுத்தது. ஆடுகளைத் தம்பியிடம் விட்டுவிட்டு வெலிகா அதைக் கயிற்றில் பிடித்து நடந்தே இறங்கினாள். பாலத்தில் நின்றுவிடுமோ என்று பயந்தாள். ஆனால் தாண்டியதுமே அது மூக்கைத் தூக்கியது, கயிற்றை இழுத்தது. கல் குவியலை அவள் காட்ட வேண்டியிருக்கவில்லை.

முதலில் முகர்ந்தது. பிறகு தோண்டியது. தடுக்க நீட்டிய கையை வெலிகா மடக்கிக்கொண்டாள். தானே கற்களை அகற்றிக் கொடுத்தாள். ஈரமண்ணுக்கடியில் கம்பளித் துணி தெரிந்தது. ஸ்தொய்கோவின் கோட்டு. அவனிடம் இருந்த ஒரே நல்ல கோட்டு. டவுனில் எங்கோ மறந்து வைத்துவிட்டதாக அவளிடம் சொல்லியிருந்தான்.

கரோ அந்தத் துணிமேல் மூக்கை அழுத்தி அப்படியே நின்றது. நாற்றம் மேலே வந்தது. வெலிகா முகத்தைத் திருப்பவில்லை. கொஞ்சநேரம் கழித்து அது பின்வாங்கி, மூக்காலேயே மண்ணைத் தள்ளி மூடத் தொடங்கியது. அவளும் முழங்காலிட்டுக் கைகளால் அள்ளிப் போட்டாள். மூடி முடித்ததும் அது மேட்டின்மேல் படுத்தது. வெயில் மரங்களுக்குப் பின்னால் போனபோது தானாக எழுந்து மலையைப் பார்த்தது.

திரும்பும் வழி பீச் மரக்காட்டுக்குள் ஏறுகிறது. கரோ அவளுக்கு இடப்பக்கம் நடந்தது. வலப்பக்கத்திலும் சருகு நொறுங்கியது. காற்று என்று நினைத்தாள். காற்று இல்லை. அவள் நின்றாள். சத்தம் இன்னும் ஓரிரு அடி வந்து நின்றது. கரோ திரும்பிப் பார்க்கவில்லை.

வெலிகாவும் திரும்பவில்லை. "போதும்டி" என்றாள் மெதுவாக. "நீ அங்கயே இரு. இவன நான் பாத்துக்கறேன்."

பிறகு நடந்தாள். அதன்பின் வழியெல்லாம் தன் மூச்சும் கரோவின் மூச்சும்தான் கேட்டன. கண்ணீர் வந்ததை அவள் துடைக்கவில்லை. பார்க்க அங்கே யாருமில்லை.

வீட்டில் ஸ்தொய்கோ களியை ஆறவைத்துக் காத்திருந்தான். கரோ தட்டை முழுக்க நக்கியது. இன்னும் வேண்டும் என்று அவனைப் பார்த்தது. அவன் அவசரமாகப் பானையைச் சுரண்டினான்.

"பாத்தானா?"

"பாத்தான்."

"நீயும் பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள். "குளிர் வர்றதுக்குள்ள உனக்கு வேற கோட்டு தைக்கக் குடுக்கணும்."

ஸ்தொய்கோ பானைக்குள்ளேயே குனிந்திருந்தான். வெளியே கரோ எழுந்து போய்ப் பட்டியைத் தனியாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து, காட்டைப் பார்த்தபடி படுத்துக்கொண்டது.