வெட்டிய முகத்துவாரம்

மூன்று வருஷத்துக்கு முன்பு வானத்திலிருந்து இரண்டு இனங்கள் இலங்கையின் கிழக்குக் கரையில், நிந்தவூர்ப் பக்கம் வந்திறங்கின. நண்டளவு இருந்தவர்கள் கடலோர மணல்திட்டில் வளை தோண்டிக் குடியிருந்தார்கள். கண்ணாடி உடம்புக்காரர்கள் திட்டுக்கு உள்பக்கம் தேங்கிய களப்பின் நல்ல தண்ணீரில் வாழ்ந்தார்கள். இரு இனமும் தமிழ் கதைக்கப் பழகியிருந்தது. இரண்டுக்கும் வேறெங்கும் ஆட்கள் மிச்சமில்லை.

மார்கழி வெள்ளத்தில் களப்பு நிரம்பியது. திட்டின் ஓரத்தை வெட்டி முகத்துவாரம் திறந்தால் வெள்ளம் கடலுக்கு வடியும்; ஆனால் கடலுப்பு உள்ளே வந்து கண்ணாடிக்காரர்கள் சாவார்கள். வெட்டாவிட்டால் மணல்காரர்கள் மூழ்குவார்கள். முடிவு நீர்ப்பாசனப் பொறியியலாளர் நப்லாவின் கையில் இருந்தது.

"எங்களில பாதிக்கு மேல குழந்தைகள்," என்றார்கள் கண்ணாடிக்காரர்கள்.

மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தில் இருந்த இராசதுரை நப்லாவிடம் கேட்டார்: "மிஸ், என்ன செய்யிற?"

"வெட்டுங்க."

உப்பு அவர்களைக் கரைக்க இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அவ்வளவு நேரமும் அவர்கள் நப்லாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இராசதுரை காதைப் பொத்திக்கொண்டு அழுதார். நப்லா கரையிலேயே நின்றாள்.

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு மணல்காரர்களின் தலைவி அவளிடம் ஊர்ந்து வந்தாள்.

"எங்களக் காப்பாத்தினீங்க. எங்களிட்ட என்ன நல்லதக் கண்டீங்க?"

நப்லாவுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஒண்டுமில்ல. வயலுக்குள்ள வெள்ளம் ஏறிட்டு. வேளாண்மையக் காப்பாத்தத்தான் வெட்டின."

"நாளைக்கு வேளாண்மைக்கு நாங்க இடைஞ்சலா இருந்தா?"

"உங்களையும் அழிப்பன்."

தலைவி திரும்பிப் போய்த் தன் ஆட்களிடம் அதைச் சொன்னாள். அவர்கள் வளைகளுக்குள் இறங்கி, வாசல்களை உள்ளேயிருந்து அடைத்துக்கொண்டார்கள்.