கண்ணாடிக்குள் ஒரு கட்டைவிரல்

விமானம் முடிந்திருந்தது. முடித்தது நான் இல்லை.

வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டேன். சாப்பாட்டு மேஜையில் ஜன்னல் பக்கத்து ஓரம் என் இடம். காலையில் கிளம்பும்போது, நான் பாகம் பாகமாக ஒட்டிச் செய்துவந்த பிளாஸ்டிக் மாதிரி விமானத்தின் மேல்கண்ணாடியைத் தனியே எடுத்து, தூசு படாமல் ஒரு கிண்ணத்தால் மூடி வைத்திருந்தேன். இப்போது கிண்ணம் கழுவும் தொட்டியில் கிடந்தது. கண்ணாடி விமானத்தின் மேல் ஒட்டியிருந்தது. உள்ளே பனி பிடித்தாற்போல வெள்ளையாக இருந்தது.

"வா குட்டி, வா!" சோபாவிலிருந்து அண்ணன் கையை விரித்தான். ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் மோட்டார் விற்பவன்; போகிற வழியில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். "மாசக்கணக்கா இழுத்துக்கிட்டு இருந்தியே, அஞ்சே நிமிஷம், முடிச்சாச்சு."

"எதை வெச்சு ஒட்டினே?"

"மாப்ள டிராயர்ல சூப்பர் குளூ இருந்துச்சு. உன் பசை பால் மாதிரி இருக்கு. அது எங்க பிடிக்கப்போகுது?"

அந்தப் பால் மாதிரிப் பசையைத்தான் கண்ணாடிக்குப் போட வேண்டும். விமானத்தின் உடலையும் இறக்கையையும் ஒட்டுவதற்கு ஒரு பசை உண்டு. அது பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைத்து இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கிவிடும். கண்ணாடியும் ஒளி புகும் பிளாஸ்டிக்தான்; பட்டால் அதையும் கரைக்கும். அதனால் கண்ணாடிக்கு வெள்ளைப் பசை. மெதுவாகக் காயும், காய்ந்தால் இருந்த இடமே தெரியாது. சூப்பர் குளூவோ காயும்போது ஆவி விடும். திறந்த இடமென்றால் அது பறந்துவிடும். மூடிய கண்ணாடிக்குள் போக வழியில்லாமல் உள்பக்கச் சுவரிலேயே வெள்ளையாகப் படியும். விரல் பட்ட இடத்தில் எண்ணெயும் வியர்வையும் இருக்கும் அல்லவா, அங்கே இன்னும் கெட்டியாகப் படியும்.

குனிந்து பார்த்தேன். கண்ணாடியின் உள்ளே, நடுவில், முழுசாக ஒரு கட்டைவிரல் ரேகை. சுழி சுழியாக, கோடு கோடாக.

அதற்குப் பின்னால் என் விமானி அறை இருந்தது. மாத்திரை அட்டையின் தகட்டை மயிரிழையாக வெட்டி இரண்டு இருக்கைக்கும் பெல்ட் போட்டிருந்தேன். கடுகைவிடச் சின்னக் கடிகாரங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஊசி முனையால் ஒரு சொட்டு வார்னிஷ். எல்லாம் உள்ளேதான் இருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

"நாசம் பண்ணிட்டே," என்றேன்.

"ஏய், உதவி பண்ணா இப்படியா? லேசா மேகம் மாதிரி இருக்கு, பறக்குற எஃபெக்ட்!"

சமையலறையிலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்தார். "மச்சான் ஆசையாத்தானே பண்ணாரு. ஒரு பொம்மைக்கு இவ்வளவு சத்தமா?"

"நீங்க இல்லாதப்போ உங்க பைக்ல வேற சீட்டை வெச்சு ஆணி அடிச்சிட்டு, ஆசையா பண்ணேன்னு நான் சொன்னா சும்மா இருப்பீங்களா?"

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அப்போதுதான் என் போன் கிணுகிணுத்தது. குடும்ப குரூப். அண்ணன் தூரத்திலிருந்து எடுத்த படம், பனி தெரியாத கோணம். கீழே எழுதியிருந்தான்: 'சின்ன வயசுல பாதியில விட்ட விமானம். இன்னைக்கு முடிச்சுட்டேன்!' சித்தி, பெரியம்மா, அத்தை எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். 'அப்பவே அவனுக்கு அந்த மூளை,' என்று அத்தை.

எனக்குக் காது சூடாகிவிட்டது.

அவன் சின்ன வயதில் பாதியில் விட்டது உண்மை. இதே விமானம், இதே மாதிரிப் பெட்டி. அப்பா அவனுக்கு வாங்கி வந்தார். "பாப்பா கையில கத்தி குடுக்காதே," என்று சொல்லித்தான் கொடுத்தார். ஒரு சாயங்காலத்தில் அவன் ஒரு இறக்கையைத் தலைகீழாக ஒட்டி, பசை காய்வதற்குள் கட்டைவிரலை வைத்து, அந்த அச்சோடு விட்டுவிட்டு விளையாடப் போனான். பெட்டி பரண்மேல் போனது. நான் கேட்டபோதெல்லாம், "அது அண்ணனோடது". இப்போது நடு வயதில், ஸ்டேஷனரிக் கடையின் மேல் தட்டில் அதே மாதிரிப் புதுப் பெட்டியைப் பார்த்தேன். யாரையும் கேட்காமல் வாங்கினேன். இது என்னுடையது. அது ஒன்றுதான் விஷயம்.

விமானத்தை ஒரு டப்பாவில் பஞ்சு வைத்துப் படுக்கவைத்து ஃப்ரீசரைத் திறந்தேன்.

"என்னடி பண்றே?" அண்ணன் பதறி எழுந்தான்.

"ஐஸ் விமானம். நீ சொன்ன மேகத்துக்கு இதான் பொருத்தம்."

சூப்பர் குளூ இழுத்தால் விடாது. ஆனால் குளிர்ந்தால் நொறுங்கும் குணம் வந்துவிடும். பக்கவாட்டில் தட்டினால் போதும். நன்றாகக் குளிரவிட்டு எடுத்தேன். மெல்லிய கத்தி முனையைக் கண்ணாடியின் சட்டத்துக்கும் விமானத்தின் உடலுக்கும் நடுவில் வைத்து, கத்தியின் முதுகில் தட்டினேன். டக். இன்னும் ஒரு தட்டு. கண்ணாடி கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு மூலையில் பெயிண்ட் பெயர்ந்தது. பெல்ட்டுகள் அப்படியே இருந்தன.

"பாத்தியா!" அண்ணன் தொடையில் தட்டினான். "வந்துடுச்சுல்ல? ஒண்ணும் ஆகலை. இதுக்குப் போய் அந்தக் கத்து கத்தினே."

ஒட்டியதைவிட அந்தப் பேச்சுக்குத்தான் எனக்குக் கொதித்தது. நான் சரிசெய்தால் அவன் கெடுக்கவே இல்லை என்று ஆகிவிடுமா?

"அண்ணா, குரூப்ல மாத்திப் போடு. தங்கச்சி செஞ்சது, கண்ணாடியை நான் கெடுத்துட்டேன்னு போடு."

"சரி சரி, பெரிய விஷயம்! எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. இப்பப் போய் அதை மாத்தி... விடு குட்டி."

"மாட்டியா?"

"உனக்கு இந்தப் பிடிவாதம் போகவே போகாது." பையை எடுத்துக்கொண்டான். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. இருந்தும் கிளம்பினான். என் கணவர் அவனை வழியனுப்பிவிட்டு வந்து என்னைப் பார்த்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வேலை செய்வது பல்செட் செய்யும் கூடத்தில். மங்கலான பிளாஸ்டிக்கை ஈறு போல மினுங்க வைப்பது என் அன்றாடப் பிழைப்பு. அங்கே மெஷின் வைப்போம். இங்கே வைத்தால் சூட்டில் கண்ணாடி உருகிவிடும். கைதான். கண்ணாடியின் நடுவில், ரேகையின் மேலேயே, ஒரு துண்டு டேப்பை நேர்கோடாக ஒட்டினேன். கோட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் முதலில் தண்ணீர் தொட்ட நைஸ் உப்புத்தாள், பிறகு அதைவிட நைஸ், பிறகு மெல்லிய துணியில் பாலிஷ் பேஸ்ட். வட்டம் வட்டமாக, அழுத்தாமல். கோபத்தில் அழுத்தத்தான் தோன்றியது. அழுத்தினால் விரிசல் விழும். அதனால் கோபத்தைத் தோளோடு நிறுத்திக்கொண்டேன், விரலுக்கு விடவில்லை.

டேப்பை உரித்தேன். ஒரு பாதி தண்ணீர் போலத் தெளிந்திருந்தது. மறு பாதியில் வெள்ளை, அதில் அரைக் கட்டைவிரல்.

கறுப்புத் துணியில் வைத்து, கிட்டத்தில் ஒரு படம் எடுத்தேன். குடும்ப குரூப்பில் போட்டேன்.

'இது அந்த விமானத்தின் கண்ணாடி. விமானம் முழுக்க நான் செய்தது. கண்ணாடியில் ரேகை தெரியும் பாதி அண்ணன் செய்தது. தெளிவா இருக்கிற பாதி அதுக்கப்புறம் நான் செய்தது.'

கைதட்டல் நின்றது. பெரியம்மா மட்டும் கேட்டாள்: 'இது என்னம்மா, யாரோட பல்லு?'

என் கணவர் தோளுக்கு மேலே எட்டி அதைப் படித்துச் சிரித்துவிட்டார். பிறகு மேஜையிலிருந்த கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். டிராயரைத் திறந்து சூப்பர் குளூ டியூபை எடுத்து, பைக்கின் டூல் பெட்டியில் வைக்கப் போனார்.

போன் அடித்தது. அண்ணன். அடிக்கட்டும். என் விரலெல்லாம் பேஸ்ட். இன்னும் ஒரு பாதி பாக்கி இருந்தது.