கோல் விழாத மைதானம்

பார்க் எக்ஸ்டென்ஷன் ஐக்கிய விளையாட்டுக் கழகத்தின் சொந்த மைதானத்தில் 1996 மே மாதம் தொடக்கம் இன்றுவரை ஒரு கோல்கூட விழவில்லை. எதிரணி போடவும் இல்லை, கழகம் போடவும் இல்லை. அடிக்கிற பந்து கோல் கோட்டுக்கு அரை அடி முன்னால் வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதா விடுவதா என்று யோசிக்கிற விருந்தாளி மாதிரிக் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு வந்த வழியே திரும்பிப் போய்விடும். லாசால் அணிக்காரர் முதல்தரம் பார்த்தபோது காற்று என்றார்கள். புரோசார்ட் அணிக்காரர் நிலம் சரிவு என்று சொல்லி, மட்டம் பார்க்கிற கருவியோடு ஒரு மேசனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நிலம் நேராகத்தான் இருந்தது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்து, தொண்ணூறு நிமிடம் ஓடி, ரோல்ஸ் சாப்பிட்டு, ஆளுக்கொரு புள்ளியோடு வீட்டுக்குப் போகப் பழகிக்கொண்டார்கள். வெளி மைதானங்களில் கழகம் ஒழுங்காக நாலு, ஐந்து கோலுக்குத் தோற்றுவிடும் என்றபடியால் லீக்கில் அதற்கு எப்போதும் கடைசிக்கு முந்தின இடம்.

காரணம் வெளிவர இருபத்திரண்டு வருடம் எடுத்தது. கழகத்தைத் தொடங்கியவர்கள் ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்து குடியேறிய இரண்டு பேர். செயலாளர் நகுலேஸ்வரன் கோயில் திருவிழாவுக்கு ஒருநாளும் பிந்தாதவர். தலைவர் நீக்கிலாப்பிள்ளை ஞாயிறு பூசைக்கு ஒருநாளும் பிந்தாதவர். சைவப் பெடியள் ஆறு பேர், வேதக்காரப் பெடியள் ஐந்து பேர், தனித்தனியாக அணி கட்ட ஆள் காணாது, அதனால்தான் ஐக்கியம். மைதானத்துக்குள் சமயம் கொண்டுவரப்படாது என்பது யாப்பின் முதலாவது விதி. இருவரும் சேர்ந்தே எழுதிக் கையெழுத்தும் வைத்தார்கள். முதல் ஆட்டத்தன்று விடியக்காலை நகுலேஸ்வரன் தனியே வந்து, ரயில் பாதைப் பக்கத்துக் கோலடியில் ஐயரிடம் ஓதுவித்த மூன்று தேசிக்காய்களை மண்ணுக்குள் தாட்டுவிட்டுப் போனார். அவர் போய் ஒரு மணித்தியாலத்தில் நீக்கிலாப்பிள்ளை தனியே வந்து, றோட்டுப் பக்கத்துக் கோலடியில் மந்திரித்த அந்தோனியார் பதக்கம் ஒன்றைத் தாட்டார். அவரவர் தாட்ட பக்கம்தான் எங்கட கோல் என்பது அவரவர் எண்ணம். அரைநேரத்தோடு பக்கம் மாறுவார்கள் என்பது, ஊரில் பத்து வயதிலிருந்து ஃபுட்போல் அடித்த அந்த இரண்டு பேருக்கும் அன்று காலையில் ஞாபகம் வரவில்லை.

விதியை எழுதிய கையாலேயே மீறியதை வெளியில் சொல்ல இருவருக்கும் வெட்கம். 2018 இல் ஒருநாள், மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நின்ற நீக்கிலாப்பிள்ளையின் மனைவி அல்போன்சம்மா, "எங்கட மனுசன் அந்தோனியாரையல்லோ அங்க தாட்டுப்போட்டு வந்தவர்" என்று வாய்தவறிச் சொல்ல, கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்த நகுலேஸ்வரனின் மனைவி, "அவருமோ?" என்றார். அன்று பின்னேரம் நாலு மணிக்குள் அக்காடி மெட்ரோ நிலையம் வரைக்கும் கதை போய்விட்டது. பிறகு நாலு வருடம் கழகக் கூட்டம் கூடினபோதெல்லாம் ஒரே பேச்சு. "நீர் முதல் உம்மட தேசிக்காயை எடும்" என்பார் தலைவர். "நீர் முதல் உம்மட அந்தோனியாரை எழுப்பும்" என்பார் செயலாளர். பிறகு தேத்தண்ணி வரும்.

கோல் விழாத கோலுக்குக் கோல்கீப்பர் என்னத்துக்கு என்று கேட்பவர்கள் உண்டு. பதினொரு பேர் வேண்டும் என்பது சட்டம், ஓடமாட்டாத ஒருவனை வேறு எங்கே நிறுத்துவது? 2011 இல் பிரசாந் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தான். சாவகச்சேரிப் பெடியன், உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிற வேலை, கலியாணம் முடித்து ஐந்தாம் மாதம் மனைவி நிருஷாவை விட்டுவிட்டு வந்தவன். அகதி வழக்கு விழுந்தது, மேன்முறையீடும் விழுந்தது. பதினொரு வருடமாக நிருஷா டெலிபோனில் ஒரு குரலாகவே இருந்தாள். 2022 கோடையில் நாட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்தபோது, மனிதாபிமான அடிப்படையில் கடைசியாக ஒரு விண்ணப்பம் போடலாம் என்றார் வழக்கறிஞர். இந்த ஊரில் வேர் விட்டிருப்பதைக் காட்ட வேண்டும், ஆனால் ஒரு சொல் பொய் என்று கண்டாலும் ஃபைல் முடிந்தது என்று எச்சரித்தும் விட்டார். நகுலேஸ்வரன் கழகக் கடிதத் தலைப்பில், சொந்த மைதானத்தில் பதினொரு வருடமாக ஒரு கோலும் விடாத காவலன் இவர் என்று எழுதிக் கொடுத்தார். எழுதியது உண்மை. ஆனால் அதை வாசிக்கிற எவரும் பொய் என்றுதான் நினைப்பார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. குடிவரவு அதிகாரிக்கு அந்த வரியில்தான் சந்தேகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாக அறிவித்தார்.

வந்த சங்கடம் என்னவென்றால், அதே ஞாயிறு கிண்ணத்தின் இறுதியாட்டம், லாசாலுக்கு எதிராக, சொந்த மைதானத்தில். இந்த மைதானத்தில் பெனல்டி அடித்து முடிவெடுக்க ஏலாது, விடியும்வரை அடித்தாலும் விழாது. ஆகையால் காசு சுண்டிப் பார்ப்பதுதான் வழக்கம். கிண்ண ஆட்டமெல்லாம் சொந்த மைதானத்திலேயே அமைந்ததால், அந்தச் சுண்டலிலேயே இறுதிவரை வந்திருந்தார்கள். முன்னுக்கு விளையாடுகிற டெனிஸ்டன், டெலிவரி வான் ஓட்டுகிறவன், பதினேழு வருடத்தில் சொந்த மண்ணில் ஒரு கோலும் போடாதவன், அவனுடைய மாமனார் இதை ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ஞாபகப்படுத்துவார். அவன் கெஞ்சிக் கூத்தாடி, இரண்டு பெரியவர்களையும் சனிக்கிழமை ஒரே நேரத்தில் தோண்டச் சம்மதிக்க வைத்திருந்தான். மண்வெட்டி இரண்டும் வானில் இருந்தன. வெள்ளிக்கிழமை பின்னேரம் அதிகாரி வருகிற செய்தி வந்தது. தோண்டிக் கோல் விழுந்தால் பிரசாந்தின் கடிதம் பொய்யாகிவிடும் என்று டெனிஸ்டன் கணக்குப் போட்டான். பிறகு, "சரி, காசையே சுண்டுவம்" என்று சொல்லி, மண்வெட்டிகளைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனான். பற்றுச்சீட்டுத் தொலைந்துபோனதால் கடைக்காரர் எடுக்கவில்லை.

அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. கோலுக்குப் பின்னால் நின்று முழு ஆட்டத்தையும் பார்த்தார். லாசால் அணி பதினான்கு தரம் அடித்தது. பதினான்கு தரமும் பந்து வந்து, நின்று, திரும்பியது. ஆட்டம் முடிந்ததும் பிரசாந்தைக் கூப்பிட்டுப் பிரெஞ்சில் கேட்டார். இங்கேயே பிறந்து வளர்ந்த டெனிஸ்டன் மொழிபெயர்த்தான்.

"நீதான் பந்தை மறிச்சனியோ எண்டு கேக்கிறா. ஓம் எண்டு சொல்லு."

"இல்லை அண்ணை. பந்து தானாத்தான் திரும்பினது எண்டு சொல்லுங்கோ."

"விசரா, உன்ர ஃபைல் கிழியும்."

"நான் ஒண்டையும் மறிக்கயில்லை அண்ணை. பதினொரு வருசமா சும்மாதான் நிக்கிறன். அப்பிடியே சொல்லுங்கோ."

டெனிஸ்டன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அப்படியே சொன்னான். அதிகாரி ஒரு பந்தை வாங்கி, பிரசாந்தை விலகச் சொல்லி, வெறும் கோலுக்குள் தானே அடித்தார். பந்து நின்று திரும்பியது. மற்றப் பக்கத்துக் கோலுக்கும் நடந்துபோய் அடித்தார். மூன்றாவது தரம் குதி உயர்ந்த சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அடித்தார். பந்து அவருடைய வெறுங்காலடிக்கு வந்து சேர்ந்தது. அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கொப்பியில் ஒரு வரி எழுதி, அல்போன்சம்மா நீட்டிய ரோல்ஸை நன்றிக்கு ஒரு மெர்சி சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அன்று காசு சுண்டியதில் கிண்ணம் லாசாலுக்குப் போனது. டெனிஸ்டன்தான் முதலில் கை தட்டினான்.

மறுவருடம் பிரசாந்துக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தது. கடிதத்தில், விண்ணப்பதாரர் நம்பத்தகுந்தவர் என்று ஒரு வரி இருந்ததாக வழக்கறிஞர் சொன்னார். அந்தக் கிழமை நகுலேஸ்வரன் தேவாலயத்துக்குப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். நீக்கிலாப்பிள்ளை கோயிலுக்குப் போய் அம்மனுக்குத் தேங்காய் உடைத்தார். ஒருவருக்கும் தெரியாது என்றுதான் இரண்டு பேரும் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தோண்டுகிற கதையைப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை.

2025 ஜூனில் நிருஷா வந்து இறங்கினாள். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மைதானத்தில் எல்லாரும் பந்தைப் பார்க்காமல் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புரோசார்ட் பெடியன் ஒருவன் ஓங்கி அடித்தான். பந்து பிரசாந்தின் காலடிக்கு முன்னால் வந்து நின்று, யோசித்து, திரும்பிப் போனது. நிருஷா அல்போன்சம்மாவைப் பார்த்தாள்.

"எப்பவும் இப்பிடித்தானோ அன்ரி?"

"ஓம் பிள்ளை."

"நல்லதாப் போச்சு. உடுப்பு ஊத்தையாகாது" என்றுவிட்டு, கதிரையைக் கோலடிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள்.