நீல வேனை நிறுத்த ஓர் இடம்

கொட்டாஞ்சேனையில் ராசிக்கின் ஹார்ட்வெயார் கடைக்கு எதிரே, மதிலோரமாக, அழகரின் நீல வேன் வருடக்கணக்காக நின்று வந்தது. அதிகாலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்கிவிட்டு வருவான். மத்தியானம் மறுபடி அவர்களை அழைத்துவரப் புறப்படும் வரை வேன் அந்த மதிலோரத்தில் இளைப்பாறும். பிள்ளைகள் அவனை ‘வேன் அங்கிள்’ என்பார்கள். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்துக் கூடைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவனுக்கு, கொழும்பில் அப்படியொரு பெயர் கிடைத்ததில் உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

அந்த வருடம் நகருக்குள் வாகனக் குண்டுகள் வெடித்த பிறகு, நிற்கிற வண்டியை எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அதே சமயத்தில்தான் தெருவில் நிறுத்தும் வாகனங்களுக்குக் கட்டணம் அறவிட மாநகர சபை யோசிப்பதாகவும், அதுபற்றி ஊர்ச்சனங்களோடு கதைக்க ஒரு கூட்டம் வைப்பதாகவும் செய்தி வந்தது. ராசிக்தான் வந்து சொன்னான்.

“நீங்களும் வாங்க அழகர். நம்மட ரோட்டப் பத்தித்தானே பேசப் போறாங்க. கடைக்கு வாற கஸ்டமருக்கு ஒரு பைக் நிப்பாட்ட எடமில்ல. நான் என்ன செய்ற?”

“எடத்த அடைச்சிக்கிட்டு நிக்கிறதுல என் வண்டியும் ஒன்னுதாங்களே மொதலாளி.”

“சே! ஒங்கட வண்டிய யாரு செல்ற? எங்கெங்கையோ ஈந்து வந்து காலைல நிப்பாட்டிட்டு அந்திக்கு எடுக்கிறானுகள், அவனுகளத்தான் செல்றன். இங்க குடியீக்கிற ஆக்களுக்கு பெர்மிட் குடுப்பாங்க.”

கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. சபையின் பொறியியலாளர் சிங்களத்தில் பேசினார். பக்கத்தில் நின்ற றேமண்ட் அதைத் தமிழில் சொன்னார். றேமண்ட் அதே வட்டாரத்துக்காரர், சபை அலுவலகத்தில் எழுதுவினைஞர். பொறியியலாளர் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. ஒரு கிழமை முழுவதும் ஆட்களை நிறுத்தி எந்த வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறதென்று பார்த்திருந்தார்களாம். கட்டணம் குறைந்தால் வண்டிகள் அசையாது, கூடினால் கடைக்காரர்களுக்கு வியாபாரம் படுத்துவிடும் என்று இரண்டு பக்கத்தையும் பொறுமையாக விளக்கினார். முதல் மணித்தியாலத்துக்கு ஒரு சிறு தொகை, அதற்குப் பிறகு ஒவ்வொரு மணித்தியாலமும் அதன் இரண்டு மடங்கு. இதுதான் அவர் கொண்டுவந்த யோசனை.

“நிக்கிற வண்டி நகர வேணும். அதுதான் நோக்கம் எண்டு சொல்லுறார்” என்றார் றேமண்ட்.

ராசிக் எழுந்து, ஒரு சாமான் வாங்க வருகிறவனிடமும் காசு கேட்டால் எப்படி, முதல் அரை மணித்தியாலத்தையாவது விட்டுவிடக் கூடாதா என்று கேட்டான். பொறியியலாளர் மேடையில் இருந்த மாநகர சபை உறுப்பினரின் முகத்தைப் பார்த்தார். உறுப்பினர் தலையாட்டினார். கடைக்காரர்கள் கைதட்டினார்கள். பொலிஸ் நிலையத்திலிருந்து வந்திருந்த அதிகாரியும் எழுந்து, நாள் முழுக்க வண்டிகள் நிற்பது பாதுகாப்புக்கும் கூடாதுதான், சபை நல்ல வேலை செய்கிறது என்றார்.

அழகர் கையை உயர்த்தினான். கூட்டத்தில் பேசி அவனுக்குப் பழக்கமில்லை.

“ஸ்கூல் வேனுக்கு என்னங்க கணக்கு? பிள்ளைகள எறக்கிட்டு வந்து பகல் வரைக்கும் நிப்பாட்டணுங்களே?”

றேமண்ட் அதைச் சிங்களத்தில் சொன்னார். பொறியியலாளர் குனிந்து குறித்துக்கொண்டார்.

“ஸ்கூல் வேன் வாடகை வண்டிக்குள்ள வருமாம். ஆனா நீர் இந்தத் தெருவாசி எண்டா பெர்மிட்டுக்கு எழுதிக் குடுக்கலாம், யோசிக்கத் தேவையில்லை எண்டு சொல்லுறார்.”

அழகர் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தான். கேட்ட எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்த கூட்டம் அது. வீட்டுக்குப் போய் மனைவி ராக்கம்மாவிடம், “நம்ம பேச்சையும் எழுதிக்கிட்டாங்க” என்று சந்தோஷமாகத்தான் சொன்னான்.

பெர்மிட் கேட்டுப் போனபோது றேமண்ட் அவனுடைய அடையாள அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இதில தோட்டத்து விலாசம் எல்லே இருக்கு.”

“பொலிசுல பதிஞ்ச துண்டு இருக்குங்க. அதுல இந்த வீட்டு நம்பர்தான் போட்டிருக்கு.”

வெளியூர்த் தமிழர்கள் பொலிசில் பதிந்து வைத்திருக்க வேண்டிய அந்தத் துண்டையும் றேமண்ட் வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மெல்ல மேசையில் வைத்தார். “தற்காலிக வாசி எண்டு போட்டிருக்கினம் அழகர். தற்காலிக வாசிக்குப் பெர்மிட் இல்லை.”

“என் மூத்த பொண்ணு பொறந்ததே இங்கதானுங்களே.”

“எனக்குத் தெரியாதே? போன கொடியேற்றத்துக்கும் ஒண்டாத்தானே நிண்டனாங்கள். நான் கையெழுத்து வைக்கிற ஆளெண்டா இப்பவே வைப்பன். நான் மேல அனுப்பினாலும் திரும்பித்தான் வரும்.” அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

கட்டணம் அறவிடும் வேலையைக் குத்தகைக்கு எடுத்தவரின் ஆட்கள் மஞ்சள் அங்கியோடு தெருவுக்கு வந்தார்கள். அழகர் சில நாட்கள் கட்டிப் பார்த்தான். முதல் மணித்தியாலம் தாண்டியதும் தொகை இரண்டு மடங்காகி, மத்தியானம் வண்டியை எடுக்கும்போது டீசலுக்குக்கூட மிஞ்சவில்லை. பிள்ளைகளிடம் கூடுதலாகக் காசு கேட்கவும் மனமில்லை. ஒரு நாள் காலையில் வேனை மட்டக்குளிப் பக்கம் ஓட்டிப் போனான். கடலும் ஆறும் சேர்கிற இடத்துக்குக் கிட்ட, தொடர்மாடிக் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு வெறும் வளவு கிடந்தது. அங்கே கட்டணம் இல்லை, கேட்க ஆளும் இல்லை. வேனை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

அப்படியே பழகிவிட்டது. வண்டியை விட்டு அவன் தூரமாகப் போவதில்லை. தெரியாத இடத்தில் ஆளில்லாமல் வண்டி நிற்கக் கூடாதென்று யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வெயில் ஏறினால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளைகள் சீட்டில் சிந்திய பிஸ்கட் தூளைத் துடைத்துக்கொண்டு இருப்பான். குடியிருப்பு ஜன்னல்களில் சிலர் நின்று பார்ப்பார்கள். அவன் சிரித்தால் திரும்பச் சிரிக்க மாட்டார்கள்.

ஒரு நாள் இளைய மகளுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. ராக்கம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அழகருக்கு வேனுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. கதவுகளைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தொலைபேசி எடுக்க மெயின் ரோட்டிலிருந்த கொமியுனிகேஷன் கடைக்கு நடந்தான். அங்கே முன்னால் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அவனுடைய முறை வந்ததும் ராசிக்கின் கடைக்கு எடுத்தான்.

“பயப்பட ஒண்ணுமில்ல” என்றான் ராசிக். “சாதாரணக் காய்ச்சலாம், மருந்து குடுத்து அனுப்பிட்டாங்க. ஒங்கட வைஃப் இப்பத்தான் கடையால போற. நீங்க வாங்க.”

மனப்பாரம் இறங்கித் திரும்பி வந்தவன் வளவுக்குப் போகிற ஒழுங்கையின் வாயிலில் நின்றுவிட்டான். குறுக்கே கயிறு கட்டியிருந்தது. ராணுவ வண்டி ஒன்று நின்றது. குடியிருப்புச் சனம் முழுவதும் கீழே இறங்கி நின்றது. நாள்தோறும் வந்து நிற்கும் ஒரு தெரியாத வேன், இன்று ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிறது என்று யாரோ பொலிசுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒருவன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பின்னால் போகச் சொன்னான். தூரத்தில் நீல வேன் தனியாக நின்றது. தலைக்கவசம் போட்ட ஒருவர் அதனருகே குனிந்து எதையோ வைத்துவிட்டு நிதானமாகத் திரும்பி நடந்தார்.

அழகரின் கை சட்டைப் பைச் சாவியைப் பற்றிக்கொண்டது. பேசாமல் திரும்பிப் போய்விடலாமா? கொச்சிக்கடையில் லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த அவனுடைய ஊர்க்காரன், பஸ்ஸில் கிடந்த பையைத் தன்னுடையது என்று சொன்னதற்காகப் பிடிபட்டவன், எங்கே இருக்கிறான் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் வேனின் இலக்கத்தைக் கொண்டு அந்திக்குள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அப்போது ஓடிவிட்டவன் என்ற குற்றமும் சேர்ந்துகொள்ளும். பள்ளிக்கூடம் விடுகிற நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது.

கயிற்றடிக்குப் போய் இரண்டு கையையும் தூக்கினான்.

“மகே, மாத்தயா! என்னோட வேன். ஸ்கூல் வேன்!”

அடுத்த கணம் அவன் தரையில் குப்புறக் கிடந்தான். முதுகில் ஒரு சப்பாத்துக் கால் அழுத்தியது. மணல் வாய்க்குள் போக, சிங்களத்தில் தெரிந்ததையெல்லாம் சொன்னான். சாவி இருக்கிறது, தானே போய்த் திறந்து காட்டுகிறேன், உள்ளே பிள்ளைகளுடைய சாமான்கள்தான் இருக்கின்றன என்றான். அதிகாரி குனிந்து, கோபமே இல்லாமல் பதில் சொன்னார். சாவியைத் திருப்பினால் என்ன நடக்குமென்று தனக்கு எப்படித் தெரியும்? யாரையும் கிட்ட விட முடியாது. அவருடைய இடத்தில் தான் இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன் என்று அழகருக்கே தோன்றியது.

வேனருகே வைத்த வெடி வெடித்தது. அவன் பயந்த அளவு பெரிய சத்தமில்லை. கண்ணாடிகள் கொட்டின, பக்கக் கதவு பிய்ந்து வளவுக்குள் விழுந்தது. புகை அடங்கியதும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்றானதும் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தான். ஜீப்பில் ஏற்றினார்கள். பொலிஸ் நிலையத்தில் ஒருவர் மாறி ஒருவர் வந்து அதே கேள்வியைக் கேட்டார்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கிறவன் எதற்காக நாள்தோறும் மட்டக்குளியில் கொண்டுவந்து வண்டியை ஒளிக்கிறான்?

“எங்க தெருவுல பார்க்கிங்குக்குக் காசு கேக்குறாங்க சேர். கட்டிக்க முடியல.”

“பார்க்கிங் காசுக்காகவா?” கேட்டவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். “வேறு கதை சொல்.”

வேறு கதை அவனிடம் இல்லை. “சேர், பிள்ளைங்க ஸ்கூல் வாசல்ல நிக்கும். அதுங்களுக்கு மட்டும் தகவல் சொல்லிருங்க” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டான். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிள்ளைகள் வாசலிலேயே நின்றார்கள். மட்டக்குளியில் ஒரு வேனில் குண்டாம் என்ற கதை அவர்களிடம் முதலில் வந்தது. நீல வேனாம் என்பது பிறகு வந்தது. தாய்மார் த்ரீவீலர் பிடித்து ஓடி வந்தபோது சின்னதுகள் மதிலோடு ஒட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தன.

ராக்கம்மா காய்ச்சல் பிள்ளையை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டுப் பொலிஸ் நிலைய வாசலில் கிடந்தாள். ராசிக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, இவன் எங்கள் தெரு ஆள், இடமில்லாமல்தான் அங்கே கொண்டுபோய் நிறுத்தினான் என்று சொன்னான். றேமண்ட் வந்து, பெர்மிட் கேட்டது உண்மை, கொடுக்க முடியாமல் போனதும் உண்மை என்று சொன்னார். இருவருடைய பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பல நாள் கழித்து அழகரை வெளியே விட்டார்கள். வேன் வழக்குச் சாமானாம். அதைத் தர முடியாதென்றார்கள். எந்த வழக்கு, எப்போது முடியும் என்று சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை. உள்ளே கிடப்பதை வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள்.

பொலிஸ் வளவின் மூலையில் வேன் ஒரு பக்கம் சரிந்து நின்றது. கண்ணாடித் தூளுக்குள் கைவிட்டு, பிள்ளைகள் அன்று காலையில் மறந்துவிட்டுப் போனவற்றைப் பொறுக்கினான். தண்ணீர்ப் போத்தல்கள், ஒற்றைக் கன்வஸ் சப்பாத்து, பெயர் ஒட்டிய ஒரு குடை. எல்லாவற்றையும் ஒரு சிலிசிலிப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தான். ராசிக்கின் கடைக்கு எதிரே மதிலோரம் வெறுமையாகக் கிடந்தது. அவனைக் கண்டதும் ராசிக் இறங்கி ஓடி வந்தான்.

“அழகர், யாருமே இப்ப வண்டி நிப்பாட்டுறல்ல. கஸ்டமரும் வாறதில்ல. காசு மிச்சம் கூட எண்டு நாங்க எல்லாரும் போய்ச் சென்னம். பாதியாக் கொறைக்கிறாங்களாம், வாற மாசத்தில ஈந்து.” சொல்லிக்கொண்டே வந்தவனுக்கு, யாரிடம் சொல்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பேச்சை நிறுத்தி அழகரின் தோளைப் பிடித்தான். “நான் இப்பிடி வரும்னு நெனைக்கல்ல.”

“நீங்க என்னங்க செய்வீங்க” என்றான் அழகர். அவன் அதை மனதாரத்தான் சொன்னான். கோபப்பட ஒரு ஆள் கிடைத்தால் தேவலை போலத்தான் இருந்தது. எவ்வளவு யோசித்தும் ஆள் கிடைக்கவில்லை.

பிறகு வீடு வீடாகப் போனான். முதலில் றஞ்சிதம் டீச்சரின் வீடு. அவளுடைய மகள்தான் எப்போதும் முன் சீட்டுக்குச் சண்டை பிடிப்பவள். டீச்சர் கேற்றைப் பாதி திறந்துகொண்டு நின்றாள். போத்தலைக் கொடுத்தான்.

“உம்மில பிழை எண்டு நான் சொல்லேல்லைத் தம்பி. எங்களுக்குத் தெரியும் நீர் எப்பிடிப்பட்ட ஆளெண்டு.”

“சரிங்க டீச்சர்.”

“ஆனா பிள்ளையள வேற வேனில விட்டிட்டம். பொலிசும் வந்து விசாரிச்சவங்கள், ஆர் என்ன பேர் எண்டு. நாங்களும் இங்க வாடகைக்குத்தானே இருக்கிறம்.”

“புரியுதுங்க.”

ஜன்னலுக்குப் பின்னால் சிறுமியின் முகம் தெரிந்தது. அழகர் வழக்கம்போலக் கையை ஆட்டினான். அவள் கையைத் தூக்கப் போனாள். பிறகு தாயின் முதுகைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டாள்.

டீச்சர் போத்தலைத் திருப்பிப் பார்த்தாள். மூடியில் கண்ணாடித் தூள் ஒட்டியிருந்தது. “இதைக் கழுவித்தான் குடுக்க வேணும்” என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள். கேற் மூடியது. கொளுக்கி விழும் சத்தமும் கேட்டது.

அழகர் பைக்குள் கையை விட்டுக் குடையை எடுத்து, அதில் ஒட்டியிருந்த பெயரை வாசித்தான். அந்தப் பிள்ளையின் வீடு அடுத்த ஒழுங்கையில் இருந்தது. போத்தல் மூடிகளை இடுப்புச் சாரத்து நுனியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே நடந்தான்.