மூன்றாவது டிஸ்க்

"போனா போவுது," என்றான் தோர்கெல், காபியை ஊதிக்கொண்டே. மடிக்கணினியில் இடம் பண்ணுகிறேன் என்று இறங்கியவன், கை தவறி, அதோடு இணைத்திருந்த சேமிப்புப் பெட்டியிலிருந்த தவளைகளை அழித்திருந்தான். மூன்று வசந்தகாலம் தெற்கு ஸ்வீடனின் ஸ்கோனே குட்டைகளில் முழங்கால் தண்ணீரில் நின்று பதிவுசெய்த சத்தங்கள். அவனுடைய முனைவர் பட்டம் அந்தத் தவளைகளின் தொண்டையில்தான் இருந்தது.

லுண்ட் மாணவர் விடுதியில் என் பக்கத்து அறைக்காரன் அவன். அவன் மேசையிலிருந்த பெட்டியில் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுதும்; ஒன்று செத்தால் மற்றது பிழைக்கும். அழிப்பதையும் அதே விசுவாசத்தோடு இரண்டிலும் அழிக்கும். அதற்காகத்தான் மூன்றாவது. வெள்ளிக்கிழமைதோறும் பெட்டியிலிருந்து ஒன்றை உருவி, சைக்கிளில் ஊரின் மறுகோடிக்குப் போய், காதலி யில்வாவின் காலுறை இழுப்பறையில் வைப்பான். அங்கிருந்த பழையதைக் கொண்டுவந்து காலி இடத்தில் செருகுவான். பெட்டி தன்னிடம் இருப்பதை அதில் நகலெடுத்துக்கொள்ளும். விடுதியே எரிந்தாலும் தவளைகள் காலுறைக்குள் பத்திரம். அவன் பார்க்க வருவது தன்னையா, இழுப்பறையையா என்ற சந்தேகம் யில்வாவுக்கு நெடுநாளாக உண்டு.

அன்று விஷயம் கேள்விப்பட்டு டிஸ்கை அவளே கொண்டுவந்தாள். "இந்தா, உன் பொண்டாட்டி. காலுறை வாசனையோட இருக்கா."

தோர்கெல் சிரித்தான். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. பெட்டியிலிருந்து ஒன்றை உருவியது, வந்ததைச் செருகியது. பச்சை விளக்கு துடித்தது.

"என்னடா பண்ணின?" என்றாள் யில்வா.

"மாத்தினேன். வழக்கம்போல."

"இன்னிக்கு செவ்வாய்டா! அந்தப் பெட்டில இப்ப என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல..." என்றவன் பச்சை விளக்கைத் திரும்பிப் பார்த்தான்.

பெட்டி அந்த ஒன்றுமில்லாததைத்தான் ஒரு சொட்டு சிந்தாமல், கடைசி நல்ல டிஸ்கின் மேல் நகலெடுத்துக்கொண்டிருந்தது. நான் தத்துவ மாணவன். வெறுமையை இவ்வளவு பொறுப்பாகப் பாதுகாத்த யாரையும் எங்கள் துறையில் பார்த்ததில்லை.

யில்வா பாய்ந்து டிஸ்கை உருவினாள்.

"மூணு சதவீதம் ஓடியிருக்கு," என்று திரையைப் படித்தேன்.

"எந்த மூணு?"

"மொதல் மூணு. பொருளடக்கம் இருக்கற மூணு."

"நீ வாய மூடு!" என்றார்கள் இருவரும். அந்த மாதத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

"இரு, என் கணினில போட்டுப் பாக்கலாம்," என்றாள் யில்வா. "அழிஞ்சதத் தோண்டி எடுக்கறவங்க இருக்காங்கடா."

"யாரும் எதுலயும் போட வேணாம்."

"போட்டாத்தானே தெரியும்?"

"அதான் வேணாங்கறேன்."

தோர்கெல் அவள் கையிலிருந்து டிஸ்கைப் பிடுங்கிக் கம்பளிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் வயிற்றை அணைத்துக்கொண்டான். யில்வா கோட்டைக்கூடக் கழற்றாமல் அவன் எதிரில் நின்றாள். மேசையில் பெட்டியின் காலி இடத்துக்கு மேலே சிவப்பு விளக்கு சிமிட்டி, இன்னொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது.