எந்தக் கண்

அக்கா வேலை செய்யும்போது அந்த அறைக்குள் யாரும் போகக் கூடாது. கம்ப்யூட்டர் கேமராவில் இன்னொரு முகம் தெரிந்தால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும், ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்பார்கள். ஒருமுறை அம்மா காபி டம்ளரோடு நுழைந்து அப்படித்தான் ஆயிற்று. அன்றிலிருந்து கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பது என் வேலை. பதினோராம் வகுப்போடு ஸ்கூலை விட்டவளுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. யாரோடும் பேச வேண்டியதில்லை.

அக்கா ரஞ்சனி, வீட்டிலிருந்தே அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றின் புரோட்டான் சிகிச்சைக்குக் குறியீடு போடுகிறாள். கேன்சர் கட்டியின் மேல் குறிபார்த்து விடும் கதிர் அது. டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்று எண்களாக்கிக் கொடுத்தால்தான் இன்சூரன்ஸில் பில் நகரும். சிகிச்சைக்கு ஏழு, ஏழு, ஐந்து என்று தொடங்கும் நான்கு எண்கள். நோய்க்கு வேறு எண். சாம்பார் ஊற்றும்போதுகூட அவள் உதடு அவற்றை முணுமுணுக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை கதவு திறந்தது. வேலை நேரத்தில் அக்கா தானாக வெளியே வந்து நான் பார்த்ததில்லை. கையில் போன்.

"வள்ளி, இத நான் சொல்லக் கூடாதுதான். பேரு, ஊரு எதுவும் சொல்லல. ஒருத்தருக்குக் கண்ணுக்குள்ள கேன்சர். நோய் இடது கண்ணுலன்னு எழுதியிருக்கு. நேத்து கதிர் குடுத்த குறிப்புல வலது கண்ணுன்னு இருக்கு."

"தப்பா டைப் பண்ணியிருப்பாங்கக்கா."

"பண்ணியிருக்கலாம். இல்லன்னா?"

அக்கா வாசல் வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள். அந்தச் சிகிச்சை மொத்தமே சில நாள்தானாம். அடுத்த கதிர் இன்று சாயங்காலம், அவர்கள் ஊரில் காலை. ஆஸ்பத்திரியிடம் அவளாகக் கேட்க முடியாது. டீம் லீடர் சரவணன் சார் சரி என்றால்தான் கேள்வி போகும். கேள்விகள் எல்லாம் மூன்று மணிக்கு மொத்தமாகப் போகும். தவறினால் மறுநாள்தான். சரவணன் சார் லீவு. மண்ணச்சநல்லூரில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. போனை எடுக்கவில்லை.

"துவாக்குடி ஆபீஸ்ல கேட்டியா?"

"கேட்டேன். நோய்க் குறிப்புல உள்ளதப் போட்டுட்டுப் போம்மாங்குறாங்க. கடைசி எண் ஒண்ணுன்னா வலது, ரெண்டுன்னா இடது. ரெண்டு போட்டா பில்லுக்குப் போதுமாம்." போனைக் கட்டில்மேல் எறிந்தாள். "பத்து நிமிஷத்துக்கு மேல நான் சீட்ல இல்லன்னா ஆபீஸ்லேருந்து கேப்பாங்க. நீ போ."

"நானா?"

"அம்மாவுக்கு இதெல்லாம் சொல்ல வராது. வேற யாருடி இருக்கா?"

திருவானைக்காவல் வரை நடந்துபோய் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த மண்ணச்சநல்லூர் டவுன் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் கொடுத்த இலவச டிக்கெட்டை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தேன். கொள்ளிடம் பாலத்தின் மேல் வலது கண்ணை மூடிப் பார்த்தேன். மணலும் ஒரு கீற்றுத் தண்ணீரும் தெரிந்தன. பிறகு இடது கண்ணை மூடினேன். அதே மணல்தான், ஆனால் கொஞ்சம் நகர்ந்திருந்தது. மறுபடி வலது.

"என்னா பாப்பா, மெட்ராஸ் ஐ-யா?" என்று பக்கத்து அம்மாள் முந்தானையால் மூக்கை மூடினாள். "அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. எங்க வீட்ல பச்சப்புள்ள இருக்கு."

திரும்பி உட்கார்ந்தேன். டோல்கேட்டில் டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார். பஸ்ஸில் இருந்த யாருக்கும் அவசரம் இல்லை.

காதுகுத்து நடந்த மண்டபம் ரைஸ் மில்லுக்கு அடுத்து இருந்தது. தவிட்டு வாசனையும் பிரியாணி வாசனையும் கலந்து அடித்தன. வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெரியம்மா ஒருத்தி என் கையைப் பிடித்தாள். பொன்னுத்தாயி என்று யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ?"

"சரவணன் சாரப் பாக்கணும்…"

"சரவணனா? மாமன்காரன் எங்கயும் ஓடிப்போக மாட்டான். ராகுகாலம் இப்பத்தான் முடிஞ்சுது, ஆசாரி இன்னும் கையே கழுவல. மொதல்ல சாப்புடு."

நான் ஏதாவது சொல்வதற்குள் இலைமுன் உட்கார்த்தி வைத்துவிட்டாள். இலையில் கேசரி விழுந்தது. சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரே. தயிர்ப்பச்சடி வந்தபோது எழுந்துவிட்டேன்.

"ஏம்மா, சாப்பாடு புடிக்கலையா?" என்று பரிமாறியவர் கத்தினார். பந்தி முழுவதும் திரும்பிப் பார்த்தது.

மேடையில் சரவணன் சார் பட்டு வேட்டியில், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் படி ஏறியதும் வீடியோக்காரர், "பாப்பா, ஃப்ரேம்ல நிக்காத!" என்றார். குனிந்துகொண்டே போய் சரவணன் சார் காதருகில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரஞ்சனியா உன்ன அனுப்புனா? அட கடவுளே." அவர் சிரித்தார். "அது காப்பி-பேஸ்ட் தப்பும்மா. அவ்வளவு பெரிய மிஷின வச்சுக்கிட்டுக் கண்ண மாத்துவாங்களா? இதையெல்லாம் கேட்டா, உங்களுக்குப் படிக்கத் தெரியாதான்னு நம்ம டீம் தலையிலதான் விழும். திங்கக்கிழமை பாத்துக்கலாம்னு சொல்லு."

போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்குள் ஆசாரி பாலு எதிரே வந்து உட்கார்ந்தார். எனக்கு இறங்க வழியில்லை.

"எந்தக் காது மொதல்ல?" என்றார் ஆசாரி.

"பொண்ணுல்ல, இடதுதான்," என்றாள் குழந்தையின் அம்மா.

ஆசாரி பேனாவால் பொட்டு வைத்தார். அதை விரலால் தொட்டு, "இதானே?" என்று அம்மாவிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள். சரவணன் சாரிடம் திரும்பி, "தம்பி, இதானே?" என்றார்.

"எத்தன தடவதான் கேப்பீங்க?"

"எதுத்தாப்புல உக்காந்திருக்கேன்ல, மாறிப்போகும் தம்பி. போன மாசம் ஒரு வீட்ல மாத்திக் குத்திட்டு, கெழவிங்ககிட்ட வாங்குன ஏச்சு இன்னும் காதுல நிக்குது."

கூட்டம் சிரித்தது. சரவணன் சாரும் சிரித்தார், பாதியில் நிறுத்தினார்.

"அங்க யாராவது அந்த நோயாளிய இப்படிக் கேட்டிருப்பாங்களா சார்?" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வீடியோக்காரர் கேமராவை என் பக்கம் திருப்பினார். எனக்குக் காது மடல் வரை சுட்டது.

கம்பி இறங்கியது, குழந்தை வீறிட்டது, எல்லோரும் ஒரே நேரத்தில் "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்றார்கள். இரண்டாவது காதும் முடியும்வரை அவர் எழுந்திருக்க முடியாது. மடி தாய்மாமனுடையது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முள்ளைப் பார்த்தேன், குழந்தையைப் பார்த்தேன், மறுபடி முள்.

இரண்டாவது காதும் குத்தியதும், அலறும் குழந்தையைத் தோளில் போட்டபடியே, "என் போனு உன் பையிலதான இருக்கு?" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஆபீஸுக்குப் பேசினார். "ஆமாங்க, ரஞ்சனியோட கேள்விதான். என் பேர்லயே அனுப்புங்க. ஏச்சு வந்தா நான் வாங்கிக்கிறேன். மூணுக்குள்ள போகணும்."

பிறகு என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை, அக்காவுக்கு அரை நாள் வேலை. பதில் வந்திருந்தது: சிகிச்சை இடது கண்ணுக்கே, வலது என்று எழுதியது பிழை, திருத்தப்பட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அக்காவுக்கு இல்லை. கதவுக்குள்ளிருந்தே, "எந்தக் கண்ணுக்குக் கதிர் போச்சுன்னு பாத்துட்டுத் திருத்துனாங்களா, பாக்காமயே திருத்துனாங்களா வள்ளி?" என்றாள்.

காபி கொண்டு வந்த அம்மா, நான் கை நீட்டித் தடுத்ததும் நின்றாள். உள்ளே தட்டச்சுச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. வெள்ளிக்கிழமை கொடுத்த கதிரின் குறிப்பு அப்போதுதான் வந்திருக்கும். சத்தம் நின்றது.

கதவு ஒரு முகம் தெரியும் அளவு திறந்தது.

"கேட்டிருக்காங்கடி."

"யார?"

"அந்த நோயாளியையே. கதிருக்கு முன்னாடி எந்தக் கண்ணுன்னு கேட்டோம், இடதுன்னு சொன்னாங்கன்னு ஒரு வரி எழுதியிருக்கு. இதுக்கு முன்னாடி அந்த வரி இருந்ததே இல்ல."

"அப்ப முந்தாநாளு?"

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

"அன்னிக்கு யாரும் கேட்டதா எழுதல," என்றாள். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டச்சுச் சத்தம் மறுபடி தொடங்கியது. நான் அம்மாவின் கையிலிருந்த டம்ளரை வாங்கி, ஆறிப்போகாமல் இருக்கட்டும் என்று தட்டால் மூடி வைத்தேன்.